இரட்டைக் கார்ப்பரேட்டர் மாட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அசல் காரா, ஒட்டுக் காரா?

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
நேற்று பழைய கார் பிரியர்களின் இந்தக் குழுவில் சிம்மக்கல் ஐயா எழுதிய ஒரு வாக்கியம் இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. "வேகத்துக்காக எஞ்சினில் கைவைத்த பழைய காரைச் சேகரிப்பு என்று சொல்லக் கூடாது, அது காயலான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒட்டு வண்டி" என்பது அந்த வாக்கியம். பெயரைச் சொல்லவில்லை என்றாலும் யாரைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்ற ஞாயிறன்று அழகர்கோயில் சாலையில் நாமெல்லாரும் வண்டிகளை நிறுத்தியிருந்தபோது, என் 1964 ஹெரால்டின் பானட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் எஸ்.யு. கார்ப்பரேட்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனவர் அவர்தாம். அவருக்கு ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறேன். டிரையம்ப் நிறுவனம் 1959-இல் ஹெரால்டை வெளியிட்டபோது, அதன் கூப்பே (கூரை தாழ்ந்த, விளையாட்டுக் கார் போன்ற) வடிவத்துக்கு இதே 948 சி.சி. எஞ்சினில் இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர்களைத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியது. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்து ஒட்டவில்லை.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
கோச்சடை நண்பர் சொன்ன செய்தி உண்மைதான். ஆனால் அது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் நடந்தது. இவர் வைத்திருப்பது சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதே டிரையம்ப் ஹெரால்டை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் 1961 முதல் தயாரித்த கார். அந்தக் கார் ஒற்றைக் கார்ப்பரேட்டருடன்தான் வாடிக்கையாளரிடம் வந்து சேர்ந்தது. பெரியப்பா வீட்டில் மாடி இருப்பதால் நம் ஓட்டு வீடும் மாடி வீடு ஆகிவிடாது. பழைய கார் என்பது ஒரு சான்று. அந்தக் காலத்தில் இந்த ஊர்ச் சாலையில் என்ன ஓடியது என்பதற்கு அது சாட்சி. சாட்சியைத் திருத்தியவர், திருத்திய பிறகும் அதைச் சாட்சி என்றே அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

திருநகர் தம்பி எழுதியது:
ஐயா சொல்வது சரி என்றால், உலகத்தில் மிக அதிகமாக மதிக்கப்படும் பல கார்களைக் குப்பையில்தான் போட வேண்டியிருக்கும். ஜெர்மனியில் ரூஃப் நிறுவனம் போர்ஷேயின் வெற்றுக் கூட்டை வாங்கி, தன் எஞ்சினைப் பொருத்தி, தன் சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணையே இட்டு விற்றது. 1987-இல் அவர்கள் செய்த சி.டி.ஆர். என்ற கார் மணிக்கு 339 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது; மஞ்சள் நிறத்தால் அதற்கு 'மஞ்சள் பறவை' என்றே பெயர் வந்தது. இத்தாலியில் கார்லோ அபார்த் சாதாரணக் குடும்பக் காரான பியட் 600-ஐ எடுத்துத்தான் பந்தயத்தில் பெரிய கார்களைத் துரத்தினார். இங்கிலாந்தில் பந்தயக் கார் செய்த ஜான் கூப்பர் கைவைத்த மினி கார் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மாண்டி கார்லோ ராலி என்ற நெடுந்தூரச் சாலைப் பந்தயத்தை வென்றது. மாற்றியமைத்தவரின் கைத்திறனுக்காகவே சேகரிப்பவர்கள் இவற்றைத் தேடுகிறார்கள்.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
தம்பி, கூப்பரும் அபார்த்தும் செய்தவற்றை அந்தந்தத் தொழிற்சாலைகள் ஏற்று, தங்கள் விலைப்பட்டியலில் சேர்த்து விற்றன. ரூஃப் தன் பெயரிலேயே கார் செய்தவர். கோச்சடையில் ஒரு மரத்தடிப் பட்டறையில் மாட்டியதை எந்தத் தொழிற்சாலை ஏற்றது? சென்னைத் தொழிற்சாலை இரட்டைக் கார்ப்பரேட்டர் மாட்டி விற்றதற்கு ஒரு தாள் காட்டுங்கள்.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
மரத்தடிப் பட்டறை என்று எழுதியதற்கு ஐயா வருந்த வேண்டும். அந்த மரத்தடியில்தான் அவருடைய 1958 பியட் 1100-க்கும் இருமுறை சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தார்கள். அதுவும் போகட்டும். அவருடைய பியட்டில் பேட்டரிக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோ எங்கே போனது? அதன் இடத்தில் அதே வேலையைச் செய்யும் பிற்காலத்து ஆல்டர்னேட்டர் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். டயரும் பிற்காலத்து ரேடியல் வகை. 1958-இல் எந்தத் தொழிற்சாலை பியட்டுக்கு ஆல்டர்னேட்டர் மாட்டியது என்பதற்கு அவர் ஒரு தாள் காட்டட்டும். பிறகு நான் என் தாளைக் காட்டுகிறேன். என் அப்பா 1974-இல் சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்துக்கு எடுத்துச் செல்வதற்காகத்தான் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைத் திறன் கூடுவதற்காக மெலிதாகச் சீவி, இரண்டு கார்ப்பரேட்டர்களை மாட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த மாற்றமே இன்று ஒரு வரலாறு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைக் கார்ப்பரேட்டர் மாட்டினால்தான் நான் சாட்சியை அழித்தவன் ஆவேன்.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
ஆல்டர்னேட்டர் இரவில் விளக்கு மங்காமல் இருப்பதற்காகப் போட்டது, அது பாதுகாப்பு. நான்கு போல்ட்டைக் கழற்றினால் பழைய டைனமோ திரும்பவும் ஏறிவிடும். அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். நண்பர் சீவிய ஹெட்டில் உலோகம் திரும்ப வளருமா? சோழவரத்தில் ஓடியது என்கிறார். ஒரே ஒரு புகைப்படம் போதும். மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறேன்.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
புகைப்படம் ஏன் இல்லை என்பது ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் படத்தொகுப்பையும் ஹெரால்டின் பழுதுபார்ப்புக் கையேட்டையும் "இரண்டு நாளில் தருகிறேன்" என்று இந்தக் குழுவிலிருந்த ஒருவர் வாங்கிச் சென்றார். கையேடு மட்டும் அட்டை இல்லாமல் திரும்பி வந்தது. வாங்கிச் சென்றவர் யார் என்று நான் எழுதவில்லை, எழுத வைக்காதீர்கள். நான் மீண்டும் சொல்கிறேன்: 948 சி.சி. ஹெரால்டுக்கு இரட்டைக் கார்ப்பரேட்டர் தொழிற்சாலைப் பொருள். ஒற்றைக் கார்ப்பரேட்டரில் ஏறத்தாழ 35 குதிரைத்திறன் தந்த அதே எஞ்சின், கூப்பேயில் 45 தந்தது. எஞ்சின் எண் மாறவில்லை, சேசிஸ் எண் மாறவில்லை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளது உள்ளபடியே இருக்கிறது.

பட்டறைப் பாண்டி எழுதியது:
இரண்டு பேருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாகப் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கார்ப்பரேட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஹெரால்டில் பார்க்க வேண்டியது பின் அச்சு. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியிலிருந்து தனித்தனியாக ஊசலாடும் அமைப்பு. மேலே குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) கட்டு. வளைவில் வேகமாகப் போய், பயந்து திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் பயனில்லை. டிரையம்ப் நிறுவனமே 1968-இல் ஜி.டி.6, விட்டெஸ் கார்களுக்கும், 1970-இல் ஸ்பிட்ஃபயருக்கும் இந்தப் பின்பகுதியைத் திருத்தியது. சென்னையில் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கேசல் காரில் ஊசலாடும் அச்சையே எடுத்துவிட்டுச் சாதாரண அச்சைப் போட்டார்கள். பத்துக் குதிரைத்திறன் கூடிய ஹெரால்டைத் திண்டுக்கல் அருகே சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிறவர், முதலில் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, இப்போது எத்தனால் கலந்து வரும் பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். கார்ப்பரேட்டர் ஒன்றானாலும் இரண்டானாலும் குழாயை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
பாண்டி அண்ணன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சிறுமலைக்கு நான் நூறு முறை போய் வந்திருக்கிறேன்; என் பின்சக்கரம் மடங்கியதில்லை. பேச்சு அச்சைப் பற்றியதன்று. இரட்டைக் கார்ப்பரேட்டர் அசலா இல்லையா என்பதைப் பற்றியது.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
பாண்டி சொன்னதிலிருந்தே என் கருத்து உறுதியாகிறது. தொழிற்சாலைப் பொறியாளர்கள் 35 குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டு அச்சையும் பிரேக்கையும் வைத்தார்கள். அதில் கைவைத்தால் கணக்கு முழுவதும் குலைகிறது. சட்டமும் அதையே சொல்கிறது. தயாரித்தவர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பழமை வாகனமாகப் பதிவு செய்யலாம். பத்து ஆண்டுகளுக்கு அது செல்லும். ஆனால் சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் இருக்கக் கூடாது. நண்பர் விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
"கணிசமான" என்ற சொல்லை ஐயா மெதுவாகத் தாண்டிச் செல்கிறார். எஞ்சின் பிளாக் அதே பிளாக், கிராங்க் அதே கிராங்க். கார்ப்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு குழாயைக் கழற்றி ஒரு மணி நேரத்தில் பழைய ஒற்றைக் கார்ப்பரேட்டரை மாட்டிவிடலாம். அதுவும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. ஐயாவின் பரணில் இருக்கும் டைனமோ பாதுகாப்பு, என் பரணில் இருக்கும் கார்ப்பரேட்டர் குற்றமா?

மேலூர் வாசகர் எழுதியது:
ஹெரால்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் தென்னாட்டில் வேகத்துக்காக மாற்றியமைக்கத் தகுந்த சிறிய கார் சிப்பானி டால்ஃபின்தான். இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரை அடிப்படையாகக் கொண்ட ஃபைபர் கூடு, 848 சி.சி. அலுமினிய எஞ்சின், இரும்புக் கார்களில் பாதியளவு எடை. ராலிகளில் அது செய்ததை மறந்துவிட்டீர்கள். அதைச் சேகரிக்க இன்று ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
டால்ஃபினின் கூட்டை மாடு தின்றுவிடும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

மேலூர் வாசகர் எழுதியது:
அந்த ஏச்சைக் கட்டிவிட்டவர்கள் உங்களைப் போன்ற பியட்காரர்கள்தாம். ஏற்றத்தில் எங்களிடம் தோற்றதை மறைப்பதற்காக இன்றுவரை அதையே சொல்கிறீர்கள். என் மாமா டால்ஃபினில் நத்தம் சாலையில் எத்தனை பியட்டுகளைத் தாண்டினார் என்று உங்கள் தலைமுறையினருக்கே தெரியும்.

திருநகர் தம்பி எழுதியது:
நான் ஒரு நடுவழியைச் சொல்லலாமா? காரோடு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில், எதை மாற்றினோம், கழற்றிய பொருள் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்தால், பின்னால் வருகிறவருக்குக் குழப்பம் இருக்காது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2013-இல் ஏற்ற டூரின் சாசனமும், மாற்றத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறது.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
தம்பியின் யோசனை நல்லதுதான். ஆனால் பதிவேட்டில் "மாற்றம்" என்ற தலைப்பின்கீழ் இரட்டைக் கார்ப்பரேட்டரை எழுத நான் ஒப்பமாட்டேன். அது மாற்றமன்று. 1959-இலேயே இருந்த தொழிற்சாலை அமைப்பு. என் அப்பா காலையில் வண்டியை எடுக்கும்போது, இரண்டு கார்ப்பரேட்டர்களும் ஒரே அளவில் மூச்சிழுக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்ப்பரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்பார். இரண்டிலும் ஒரே சீறல் வரும்வரை திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்த வண்டியை ஒட்டு வண்டி என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருக்கமாட்டேன். இந்தக் குழுவில் எத்தனை பேரால் இன்றைக்கு இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர்களைக் காதால் கேட்டுச் சமன் செய்ய முடியும்? ஐயாவால் முடியுமா?

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
என்னால் முடியும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் குழாய் முறையைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த பட்டறையில், நீங்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்திருந்த காலத்தில். அவர் மீது எனக்கு இருந்த மதிப்பு வேறு. அவரிடமும் நான் இதையே சொன்னேன்: சென்னையிலிருந்து அந்தக் கார் ஒற்றைக் கார்ப்பரேட்டருடன் வந்தது.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
அப்பா இப்போது இல்லை என்பதால் அவர் பெயரில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர், அவர் சென்னைக்காரர். இதை ஐயா திரும்பப் பெற வேண்டும்.

பட்டறைப் பாண்டி எழுதியது:
பெட்ரோல் குழாயை மாற்றினீர்களா என்று யாரும் பதில் சொல்லவில்லை.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
நான் எதையும் திரும்பப் பெறுவதற்கில்லை. விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிறன்று என் வீட்டுக்கு வரலாம். ஸ்டாண்டர்டு நிறுவனம் அந்தக் காலத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த உரிமையாளர் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதில் கார்ப்பரேட்டர் ஒன்று என்றே அச்சாகியிருக்கிறது.

கோச்சடை ஹெரால்டு எழுதியது:
அந்தப் புத்தகத்தின் அட்டை எந்த நிறம் என்று ஐயா இங்கேயே எழுதட்டும். எங்கள் வீட்டிலிருந்து போன அட்டை நீல நிறம். ஞாயிறன்று நான் வருவேன். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே வருவேன். 948 சி.சி. ஹெரால்டுக்கு இரட்டைக் கார்ப்பரேட்டர் தொழிற்சாலைப் பொருள்.

சிம்மக்கல் சேகரிப்பாளர் எழுதியது:
கோவென்ட்ரித் தொழிற்சாலைப் பொருள்.