புதுப்பிப்பு: டீசல் லாரியில் கூலன்ட் ஃபில்டர் பொருத்திய பின்

துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே கன்டெய்னர் ஏற்றும் எங்கள் லாரியில், கூலன்ட் ஓடும் பாதையை இருமுறை கழுவிய பின்னும் துருச்சேறு படிந்து என்ஜின் சூடேறுகிறது என்றும், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடிகட்டத் தனியே ஒரு ஃபில்டர் பொருத்தலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. பொருத்திவிட்டோம், இப்போது சூடேறுவதில்லை.

பலன் தந்தது, ஃபில்டரைக் கிளைக்குழாயில் வைக்கச் சொன்ன யோசனைதான். கேபின் ஹீட்டர் இல்லாத வண்டி என்பதால், சிலிண்டர் ஹெட்டில் அடைத்து வைத்திருந்த ஹீட்டர் துளையிலிருந்து ஒரு ஹோஸ் எடுத்து, ஃபில்டர் வழியாக வாட்டர் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் சேர்த்தோம். ஆகவே ஃபில்டரே அடைத்துக்கொண்டாலும் என்ஜினின் கூலன்ட் ஓட்டம் நிற்காது. இருபுறமும் வால்வு வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி, ஏனெனில் ஃபில்டரை மாற்றும்போது கூலன்ட் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. எங்களுடையது துருத்தடுப்பு ரசாயனம் ஏற்கெனவே கலந்த நீண்டநாள் கூலன்ட் ஆதலால், கூலன்ட்டில் மேலும் ரசாயனம் சேர்க்காத ஃபில்டரையே வாங்கினோம்.

எதிர்பாராதவை இரண்டு. புதுக் குழாய்களில் தங்கிய காற்றால் முதல் நாள் டெம்பரேச்சர் முள் ஏறி இறங்கியது; என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, காற்றை வெளியேற்றிக் கூலன்ட் நிரப்பியதும் சரியாயிற்று. அடுத்து, மூன்றே வாரத்தில் ஃபில்டர் அடைத்துவிட்டது. திரும்பும் ஹோஸ் சூடில்லாமல் இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அறுத்துப் பார்த்தால் உள்ளே துருத்தூளும் வெண்ணிற உப்புப் படிவும்! கடல்நீர் ஊடுருவிய மீஞ்சூர்ப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைப் பல ஆண்டுகள் ஊற்றியதே காரணம் என்று நம்புகிறேன். ரேடியேட்டரில் கெட்டியாக ஒட்டிய படிவத்தை எந்த ஃபில்டரும் கரைக்காது என்பதால், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த நீர் கலந்த புதுக் கூலன்ட்டை நிரப்பினோம். இரண்டாவது ஃபில்டர் இரண்டு மாதமாக ஓடுகிறது.