மெஸ்ஸர்ஷ்மிட் 109: மூக்கில் துளை இருக்கிறது, துப்பாக்கி ஏன் இல்லை?

வைசியாள்வீதி (புதுச்சேரி):

நண்பர்களுக்கு வணக்கம். 1/48 அளவில் பிஎஃப் 109 'பி' ரக விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மனியின் காண்டோர் படை ஓட்டிய ரகம். உடம்பு, இறக்கை எல்லாம் ஒட்டியாகிவிட்டது. பெயின்ட் அடிப்பதற்கு முன் தெளிவு தேவைப்படுகிறது.

புரொப்பெல்லர் குமிழின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. பெட்டியின் மேல் மூன்று துப்பாக்கி என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்களோ எஞ்சினுக்கு மேலே வைக்கும் இரண்டு மட்டும்தான். மூன்றாவது எங்கே போனது? 20 மில்லிமீட்டர் பீரங்கி அப்போதே இருந்ததே, அதை எஞ்சினுக்கு மேலே வைத்து வேலையை முடித்திருக்கலாமே? அப்புறம், விமானியின் இருக்கைக்குப் பின்னால் நடும் ஆன்டெனா கம்பத்தை 'விருப்பப்பட்டால் பொருத்தலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் போர் விமானத்துக்கு ரேடியோ விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் பொருளா?

உப்பனாறு_வயர்லெஸ் (கடலூர் ஓ.டி.):

தம்பி, நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். நான் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகுகளின் வயர்லெஸ் செட் பழுது பார்க்கிறவன். பழைய விமானங்களின் ரேடியோவைப் பற்றித் தேடித்தேடிப் படிப்பது நீண்ட காலப் பழக்கம். முதலில் துப்பாக்கியை முடித்துவிடுகிறேன்.

109 முதலில் பறந்தது 1935 மே மாதம். ஜெர்மன் எஞ்சின் தயாராக இல்லாததால் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல் எஞ்சினைப் போட்டுப் பறக்கவிட்டார்கள். அதற்குப் பின் வந்தது யூங்கர்ஸ் ஜூமோ 210. எஞ்சினுக்கு மேலே இரண்டு எம்ஜி 17, அதாவது 7.92 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகள். அவை புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்கு ஊடாகவே சுடும். இது மட்டும் போதாது என்று மூன்றாவதை எஞ்சினுக்குப் பின்னால் வைத்து, புரொப்பெல்லர் அச்சின் நடுவிலிருக்கும் துளை வழியாகச் சுட வைத்தார்கள். உங்கள் பாகத்தில் இருக்கும் ஓட்டை அதற்கானதுதான்.

காகிதத்தில் அருமையான யோசனை. நேர் நடுவிலிருந்து சுடுவதால் குறி தப்பாது. ஆனால் எம்ஜி 17 நிமிடத்துக்குச் சுமார் 1,200 ரவை சுடும். அந்த வேகத்தில் சுட்டுக் கொதிக்கும் துப்பாக்கி, காற்றுப் படாத பொந்துக்குள், ஏற்கெனவே கொதிக்கும் எஞ்சினோடு ஒட்டிக் கிடக்கிறது. சூடேறி அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதனால் பல விமானங்களில் அதைக் கழற்றிவிட்டு இரண்டோடு பறந்தார்கள். குமிழில் துளை இருக்கட்டும், உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம்.

20 மில்லிமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது கையில் இருந்த எம்ஜி எஃப்எஃப், சுவிட்சர்லாந்தின் ஓர்லிகானிலிருந்து வந்த வடிவம். ஓர்லிகானுக்கு அடிப்படையே முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் பெக்கர் பீரங்கி. சொந்த ஊர்ச் சரக்கு சுவிஸ் வழியாகச் சுற்றித் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் விசையை அழுத்தும்போது போல்ட், அதாவது குண்டைக் குழாய்க்குள் தள்ளும் இரும்புக் கட்டை, பின்னால் திறந்த நிலையில் நிற்கும். அழுத்திய பிறகுதான் அந்தக் கனமான இரும்பு முன்னால் ஓடிப்போய்க் குண்டை வெடிக்க வைக்கும். அந்த ஓட்டத்துக்கு ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. புரொப்பெல்லர் அலகு விலகும் அந்தக் கண நேரத்துக்குள் குண்டு போயாக வேண்டுமே! கொஞ்சம் பிசகினால் சொந்தப் புரொப்பெல்லரையே துளைத்துவிடும். ஆகவே எஞ்சினுக்கு மேலே வைக்க வழியில்லை. இறக்கை, இல்லாவிட்டால் அச்சின் துளை, இந்த இரண்டு இடம்தான்.

இறக்கையும் லேசில் கிடைக்கவில்லை. விமானத்தை வடிவமைத்த மெஸ்ஸர்ஷ்மிட் அதை மெல்லியதாக, துப்பாக்கியே இல்லாமல் வரைந்திருந்தார். சக்கரங்களின் கால்கள் உடம்பிலேயே மாட்டியிருக்கும், இறக்கையைத் தனியாகக் கழற்றிவிடலாம். 'சி' ரகத்தில் இறக்கைக்கு ஒன்றாக எம்ஜி 17 வைத்தபோது ரவைப் பெட்டிக்கு இடமே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ரவைப் பட்டையை இறக்கை நுனி வரை ஓட்டி, அங்கே ஒரு உருளையில் திருப்பி, மறுபடி துப்பாக்கிக்கே கொண்டுவந்தார்கள். அந்த இறக்கையைத் திறந்து வைத்த படத்தைப் பார்த்தால் கைவேலை தெரிந்தவன் கும்பிடுவான்.

அச்சு வழிப் பீரங்கி ஒழுங்காக அமைந்தது 1941-இல் படைக்கு வந்த 'எஃப்' ரகத்தில்தான். டெய்ம்லர் பென்ஸ் 601 எஞ்சினில், உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பின்னால் வைக்காமல் இடது பக்கவாட்டில் வைத்திருப்பார்கள். பீரங்கிக்கு வழிவிடத்தான் அது. ரேடியோவை இரவு எழுதுகிறேன், இப்போது ஒரு படகு வந்து நிற்கிறது.

குருசுக்குப்பம்_60 (புதுச்சேரி):

உப்பனாறு நண்பர் அழகாக விளக்கியிருக்கிறார். நான் ஒன்று சேர்க்கிறேன். அச்சின் வழியாகச் சுடும் யோசனையை ஜெர்மானியருக்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் போரில் செய்து காட்டிவிட்டார்கள். 1917-இல் ஸ்பாட் 12 என்ற விமானத்தில், ஹிஸ்பானோ சுய்ஸா எஞ்சினின் நடுவே 37 மில்லிமீட்டர் பீரங்கி. கினமேர் என்ற பிரெஞ்சு விமானி அதை ஓட்டினார். ஒவ்வொரு குண்டாகக் கையால் போட வேண்டும். சுட்டால் மருந்துப் புகை விமானியின் முகத்தில் அடிக்கும். பீரங்கியின் பின்பகுதி கால்களுக்கு நடுவே வந்துவிட்டதால் வழக்கமான கட்டுப்பாட்டுத் தடிக்குக்கூட இடமில்லை.

புரொப்பெல்லருக்கு ஊடாகச் சுடுவதிலும் முன்கதை இருக்கிறது. பிரெஞ்சு விமானி ரோலன் காரோஸ் தன் மொரான் விமானத்தின் அலகுகளில் இரும்பு ஆப்புகளைப் பொருத்திச் சுட்டார். படுகிற குண்டு தெறித்துப் போய்விடும். 1915 ஏப்ரலில் அவர் ஜெர்மானியரிடம் சிக்கினார். ஜூலை 1-ஆம் தேதி ஃபோக்கர் ஒற்றைத்தட்டு விமானத்தில் வின்ட்கென்ஸ் என்ற விமானி, எஞ்சின் சுழற்சியோடு இணைத்த துப்பாக்கியால் முதல் விமானத்தை வீழ்த்திவிட்டார். காரோஸ் நம்மைப் போலவே பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர்க்காரர், ரெயூனியன் தீவில் பிறந்தவர். டென்னிஸ் மைதானத்தின் பெயராக மட்டும் அவரை அறிந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. நம் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னம் அந்தப் போரில் போனவர்களுக்குத்தானே.

வைசியாள்வீதி (புதுச்சேரி):

ஐயா, அண்ணே, இருவருக்கும் மிக்க நன்றி. துளையை அப்படியே விட்டுவிடுகிறேன். ரேடியோவுக்குக் காத்திருக்கிறேன் அண்ணே.

உப்பனாறு_வயர்லெஸ் (கடலூர் ஓ.டி.):

சரி, என் பக்கத்துக்கு வருவோம். துப்பாக்கியைப் பற்றி நூறு பேர் பேசுவார்கள், ரேடியோவைப் பற்றி ஒருவர் பேசினால் அதிகம். எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு.

109-இன் ஆரம்ப ரகங்களுக்கான செட் ஃபூக் 7. சுமார் 2.5 முதல் 3.75 மெகாஹெர்ட்ஸ். 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, 25 மீட்டர் கம்பி இருந்தால்தான் ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். விமானத்தின் மொத்த நீளமே 9 மீட்டருக்குள். கம்பத்திலிருந்து வால் வரை இழுத்த கம்பி எவ்வளவு வந்துவிடப் போகிறது? செட் கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றில் ஏறுவதே இல்லை. நம் படகுகளில் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கால் அலை அரை மீட்டர்கூட இல்லை. அதனால்தான் சின்னக் குச்சி போதுகிறது. முதல் உலகப் போரில் பீரங்கிக்குக் குறி சொன்ன இரண்டு பேர் விமானங்கள், ஈயக்குண்டு கட்டிய நீளக் கம்பியைக் கீழே தொங்கவிட்டு அனுப்பின. குட்டிக்கரணம் போட வேண்டிய சண்டை விமானம் அப்படிக் கம்பியைத் தொங்கவிட முடியுமா?

அடுத்தது இரைச்சல். டெய்ம்லர் பென்ஸ் 601-இல் 12 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 24. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் நொடிக்கு 480 தீப்பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். பிளக் உள்ள அவுட்போர்டு எஞ்சின் பக்கத்தில் பழைய ஏஎம் ரேடியோவை வைத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க 'கர்ர்' சத்தமும் கூடவே ஏறும். ஃபூக் 7-உம் ஏஎம்தான். பிளக் வயர்களுக்கெல்லாம் உலோக உறை போட்டு, உடம்பின் ஒவ்வொரு தகட்டையும் ஒன்றோடொன்று மின்சாரம் கடக்கும்படி இணைத்தால்தான் காதில் பேச்சு விழும். விமானிக்குத் தொண்டையில் மாட்டும் மைக் கொடுத்தார்கள். வாய் வழியாக எஞ்சின் சத்தம் நுழையாது. ஆனால் ச, ஸ போன்ற ஒலிகள் மழுங்கிவிடும்.

இதன் பலனை 1940-இல் இங்கிலாந்தின் மேல் பார்க்கலாம். குண்டு போடும் விமானத்தின் செட் வேறு, காவலுக்குப் போன 109-இன் செட் வேறு. பக்கத்துப் பக்கத்தில் பறந்தும் நேராகப் பேச முடியாது. எதிரில் இருந்த ஆங்கிலேயர் செட்டும் அப்போது பெரும்பாலும் எச்எஃப், அதாவது ஒரு சில மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற ரகம்தான், அப்படி ஒன்றும் உசத்தி இல்லை. ஆனால் அவர்களுடைய விமானங்களில் நிமிடத்துக்கு 14 நொடி தானாகவே சிக்னல் போகும். கரையிலிருந்து மூன்று நிலையங்கள் திசை பிடித்து, எந்தப் படை எங்கே இருக்கிறது என்று மேசையில் குறிப்பார்கள். கரைக்கும் விமானத்துக்கும் பேச்சு இருந்தது. என் கணக்கில் அது நாலு துப்பாக்கிக்குச் சமம். ஜெர்மானியர் 40 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஃபூக் 16-ஐ 109-இல் வைத்தது அதற்கு அப்புறம், 'ஜி' ரகத்தில்.

ஆகவே தம்பி, ரேடியோ விருப்பப்பட்டால் வைக்கும் பொருள் இல்லை. ஆனால் மாதிரியைப் பொறுத்தவரை நீங்கள் செய்யும் குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். வால் எண் தெரிகிற பக்கவாட்டுப் படமாக இருந்தால் நல்லது. அதில் கம்பம் இருந்தால் நடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தை மூடிவிடுங்கள். கம்பிக்கு நைலான் நூல் வேண்டாம், இந்த அளவுக்குத் தடிமனாகத் தெரியும். மீதமுள்ள பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தி மேல் காட்டி இளக்கி, நிதானமாக இழுத்தால் முடி போல வரும்.

வைசியாள்வீதி (புதுச்சேரி):

படம் கிடைத்துவிட்டது அண்ணே. கம்பம் இருக்கிறது, மரப் புரொப்பெல்லரும் தெளிவாகத் தெரிகிறது. நாளைக்கு நடுகிறேன். அடுத்து வாங்கப்போவது 'இ-3'. இறக்கைக்கு அடியில் ஒரு புடைப்பு இருக்கிறதே, அது ஏன்?

உப்பனாறு_வயர்லெஸ் (கடலூர் ஓ.டி.):

எம்ஜி எஃப்எஃப்-இன் 60 குண்டு உருளைப் பெட்டி அந்த மெல்லிய இறக்கைக்குள் அடங்கவில்லை, அதற்குத்தான். விடாமல் அழுத்தினால் ஏழு நொடியில் காலி. அந்தப் புடைப்பைத் தேய்த்துச் சமமாக்கிவிடாதீர்கள்.