ராட்க்ளிஃப் ஹால் நாவல்: லண்டன் பதிப்பா, பாரிஸ் பதிப்பா?

ஆங்கில எழுத்தாளர் ராட்க்ளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' பழைய பிரதி ஒன்று லண்டனில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தலைப்புத் தாளை யாரோ கிழித்திருக்கிறார்கள். பதிப்பகம், ஆண்டு எதுவும் தெரியவில்லை. கறுப்புத் துணி அட்டை, மேலுறை இல்லை. பாலியல் ஆய்வாளர் ஹேவ்லாக் எல்லிஸ் நாவலுக்கு எழுதிய குறிப்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

1928 ஜூலையில் லண்டன் பதிப்பகமான ஜோனதன் கேப் வெளியிட்ட நாவல். இரண்டு பெண்களின் காதல்தான் கதை. நவம்பரில் ஆபாசம் என்று அழிக்கச் சொன்னது நீதிமன்றம். (இன்று படித்தால் எங்கே ஆபாசம் என்று தேட வேண்டியிருக்கும்!) அதற்குள் அச்சு வார்ப்புகள் (அச்சுக் கோத்த பக்கங்களிலிருந்து எடுத்த அச்சுகள்) பாரிஸ் போய், அங்கிருந்த பெகாசஸ் பிரஸ் பதிப்பகம் அதை வைத்தே அச்சடித்துவிட்டது. அதனால் நூலகப் பிரதியோடு பக்கங்களை ஒப்பிட்டும் பிடிபடவில்லை. கடைக்காரரும் கைவிரித்துவிட்டார்.

தலைப்புத் தாள் இல்லாமல், தாளையோ கட்டுமானத்தையோ வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா?