ஷில்பா ஷெட்டி – ஜேட் கூடி சண்டை: அது இனவெறியா, வெறும் வாய்ச்சண்டையா?

கோடம்பாக்கத்தான்:
2007-ல் பிரிட்டனில் சேனல் 4-ல் வந்த செலிபிரிட்டி பிக் பிரதர் (நம்ம பிக் பாஸ் மாதிரியான நிகழ்ச்சி, ஷில்பா அதில் போட்டியாளர்) வீடியோக்களை இப்போதுதான் துண்டு துண்டாகப் பார்த்தேன். சிக்கன் ஸ்டாக் க்யூபுக்காக ஷில்பாவிடம் அந்தக் கத்தல் கத்துகிறார் சக போட்டியாளர், பிரிட்டன் ரியாலிட்டி ஷோ பிரபலம் ஜேட். இதற்கா பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 44,500 புகார்? இனவெறி இல்லை என்று ஷில்பாவே சொல்லிவிட்டாரே?

குரோய்டன்வாசி:
க்யூப் சண்டையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், நாலு பேர் ஒரே அடுப்பில் சமைத்தால் எங்கேயும் நடப்பதுதான். நாங்கள் இங்கே தினமும் பார்த்தோம். ஜேடின் அம்மா ஷில்பாவின் பெயரைச் சொல்ல வராமல் 'பிரின்சஸ்' என்றே கூப்பிட்டார், ஜேட் 'ஷில்பா பாப்படம்' என்றார், சாப்பாட்டை அரைவேக்காடாகத் தின்று நோயில் விழுவதால்தான் இந்தியர்கள் ஒல்லியாக இருக்கிறார்களாம், இது இன்னொரு போட்டியாளர் ஜோ ஓமீரா சொன்னது. மற்றொரு போட்டியாளர் டேனியல் லாயிட் இன்னும் ஒரு படி மேலே போய், ஷில்பாவின் கை எங்கெல்லாம் பட்டதோ என்று முகம் சுளித்தார். சமைத்த கையைப் பார்த்து வருகிற அருவருப்புக்கு என்ன பெயர் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மூன்றாம்கண்:
எல்லாம் சரி, ஆனால் பழி முழுக்க ஜேட் தலையில் விழுந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனின் பெர்மண்ட்ஸி பகுதியில் வறுமையில் வளர்ந்த பெண், அவருடைய அப்பாவே கலப்பினத்தவர். அவர் பேசியது தப்புதான், 82 சதவீத ஓட்டில் மக்கள் வெளியே அனுப்பினார்கள், அதுவும் சரி. ஆனால் நாள் முழுக்க ஓடும் கேமராவிலிருந்து எந்த ஒரு மணி நேரத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தது யார்? ஸ்பான்சரான கார்ஃபோன் வேர்ஹவுஸ் என்ற மொபைல் கடை நிறுவனம் விலகிக்கொண்டது, பாட்னாவில் நிகழ்ச்சி அமைப்பாளர்களின் கொடும்பாவி எரிந்தது, அப்போது இந்தியாவுக்கு வந்திருந்த பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுனிடம்கூட இதைத்தான் கேட்டார்கள். சேனலுக்குக் கிடைத்த தண்டனை? விதியை மீறினீர்கள் என்ற தீர்ப்பைத் தன் திரையிலேயே ஒளிபரப்ப வேண்டும், அவ்வளவுதான், அபராதம்கூட இல்லை. பெரிய இடம் பாருங்க!

கோடம்பாக்கத்தான்:
சரி, ஷில்பா ஏன் மாற்றிப் பேசினார்?

குரோய்டன்வாசி:
முதலில் சக போட்டியாளர் கிளியோ ரோகோஸிடம் இது இனவெறிதான் என்று அழுத்திச் சொன்னார். பிறகுதான் போட்டியாளர் தனியாக பிக் பிரதரிடம் பேசும் டயரி ரூமில் பின்வாங்கினார். அதே ஆட்களோடு அதே வீட்டில் மறுநாளும் சாப்பிட்டுத் தூங்க வேண்டிய ஒருவர் வேறென்ன சொல்வார்? அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மற்றவர்கள் பேசியது நல்ல பேச்சாகிவிடாது. கடைசியில் 63 சதவீத ஓட்டோடு ஜெயித்தார், அது வேறு கதை.

மூன்றாம்கண்:
அடுத்த வருஷமே ஷில்பா தொகுத்து வழங்கிய இந்தி பிக் பாஸுக்கு ஜேடைக் கூட்டி வந்ததை விட்டுவிட்டீர்களே. தனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்ற செய்தியை அவர் அந்த வீட்டுக்குள் வைத்துத்தான் கேட்டார். 2009 மார்ச்சில் இறந்தபோது வயது 27. முன்பு திட்டித் தீர்த்த அதே பிரிட்டன் பத்திரிகைகள்தான் அப்போது பக்கம் பக்கமாக அழுதன.