பார்த்தெல் மதிப்பெண் 75: அம்மாவைப் பகலில் தனியாக விடலாமா?

கோத்தகிரிக்காரன்:
அம்மாவுக்கு 64 வயசு, பக்கவாதத்தில் வலது கை கால் பலவீனம். டிஸ்சார்ஜ் தாளில் "பார்த்தெல் 75, பெரும்பாலும் தானே செய்துகொள்கிறார்" என்று இருக்கு (தினசரி வேலைகளை எவ்வளவு தானே செய்யுறாங்கன்னு 100-க்குப் போடுற மதிப்பெண்ணாம்). எஸ்டேட் லைன் வீடு, வாசலுக்கு ஏழு படி, கழிப்பறை வெளியே. பகலில் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிடுவோம். தனியா விடலாமா?

குன்னூர் பிசியோ:
மொத்தத்தை விடுங்க, அந்த 25 எங்கே குறைஞ்சுதுன்னு கேளுங்க. தாளில் 10 வரி இருக்கும். படி 0 (முழுசு 10), குளியல் 0 (5), கழிப்பறை 5 (10), நடை 10 (15): இப்படி விழுந்தாலே 75தான். அப்படின்னா உங்க வீட்டுக்குத் தினமும் வேண்டியதுதான் குறையுது. தடி ஊன்றி நடந்தா மதிப்பெண் குறையாது, பக்கத்தில் ஆள் நிற்கணும்னா குறையும். அதுவும் சமதளத்தில் 50 கஜம் நடந்ததுக்கு. ஆஸ்பத்திரி வராண்டாவில் சரிவு ஏது, பாசி ஏது!

படிக்குக் கைப்பிடிக் கம்பி ரெண்டு பக்கமும் வேணும். ஏறும்போது இடது கைக்கு வர்ற கம்பி, இறங்கும்போது வலது பக்கம் போயிடும். ஒரு பக்கம் மட்டும் போட்டுட்டு விட்டுடறவங்கதான் அதிகம். ஏற இடது கால் முதலில், இறங்க வலது கால் முதலில். சமதளத்தில் நடக்கும்போது தடி இடது கையில். கூட வர்றவர் எப்பவும் ஒரு படி கீழே, அம்மாவுக்கு வலப்பக்கமா நிக்கணும்.

சமூக செவிலி:
இப்போதைக்கு முழுப் பகலும் தனியா வேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தா அம்மாவுக்கு இடப்பக்கம் வர்ற மாதிரி, கட்டிலை ஒட்டினாப்போல ஒரு கமோடு நாற்காலி போடுங்க, பகலில் படி இறங்கும் வேலையே இருக்காது. குளிக்க பக்கெட்டில் பச்சைத்தண்ணி முதலில், அப்புறம் வெந்நீர். சூடு பார்ப்பது இடது கையால். வலது கைக்கு உணர்ச்சி குறைஞ்சிருந்தா வெந்தது கூடத் தெரியாது. தலைவழியா மாட்டுற ஸ்வெட்டர் வேண்டாம், பட்டன் வெச்சது வாங்குங்க. போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது கடைசியில். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பாதீங்க, தோள் மூட்டு இறங்கிடும்.

பட்டன் போட பத்து நிமிஷம் ஆனா ஆகட்டும். அவசரப்பட்டு நீங்களே போட்டுவிட்டா, வர்ற கொஞ்சமும் போயிடும்.

மலைச்சாரல்:
மாத்திரை எடுக்கிறது, அடுப்பு பற்ற வைக்கிறது, போன் பேசுறது எதுவும் பார்த்தெல்லில் கிடையாது. அதையும் பாருங்க. ஒரு லீவு நாளில் வாசலில் உட்கார்ந்து, கை கொடுக்காம, எங்கே தடுமாறுறாங்கன்னு கவனிங்க. கமோடு எங்கே வைக்கணும், யார் துணைக்கு இருக்கணும்னு அம்மாகிட்டயே கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்க.