டீசல் இன்ஜெக்டர் மாற்ற நல்ல ஆள் தேவை, சென்னை

வணக்கம் நண்பர்களே. அப்பா வாங்கிய 2010 மாடல் டீசல் கார், 1.3 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஐடிலிங்கில் உதறல், வெள்ளைப் புகை. சோதித்ததில் மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) மட்டும் ரிட்டர்ன் டீசல், அதாவது உள்ளே போகாமல் திரும்பி வரும் டீசல், மிக அதிகம்.

நான்கையுமே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மற்ற மூன்றும் நன்றாக இருக்கும்போது அது தேவையா? ஒன்றை மட்டும் மாற்றியவர்கள் சொல்லுங்கள். பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் பழையது தேடலாம்தான், ஆனால் இன்ஜெக்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்க்காமல் வாங்க மனம் வரவில்லை.

பெரம்பூர், அம்பத்தூர் பக்கம், எஞ்சின் ஹெட்டில் கரி பிடித்து இறுகிய இன்ஜெக்டரை உடைக்காமல் உருவி, புது செப்பு வாஷர் போட்டு, இன்ஜெக்டரின் கோடு (code) எண்ணை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவிலும் ஏற்றித் தருகிறவர் யாராவது இருக்கிறார்களா? அந்தக் கடைசி வேலை எனக்கு ரொம்ப முக்கியம். கூலி எவ்வளவு ஆகும் என்றும் சொன்னால் பெரிய உதவி.