புதுப்பிப்பு: உப்புக்கறை எடுக்கும்போது கடப்பா கல் வெளுத்துப்போனால்

வேலூர் போர் தண்ணியில் எவர்சில்வர் பாத்திரம், குழாயில் படியும் வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) முன்பு சொல்லியிருந்தேன். அளவு அதேதான்: 1 லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம், பாத்திரத்தில் அரை மணி ஊறல். குழாய்க்கு நனைத்த துணியைச் சுற்றி 20 நிமிடம் போதும். ராத்திரி முழுக்க விட்டால் குரோம் பூச்சு மங்கும்.

விட்டுப்போனது கடப்பா மேடை. கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். உப்புக்கறையும் பெரும்பாலும் சுண்ணாம்புதான், ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றே. துணியிலிருந்து சொட்டிய இடம் சாம்பல் வெள்ளையாகிவிடும். அது கறை இல்லை, மேல்தோல் அரிப்பு. எந்த பவுடர் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

சரிசெய்ய, தண்ணி தெளித்து 400, 800, 1500 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) அந்த வரிசையிலேயே வட்டமாகத் தேய்க்கவும். 800-ஐத் தாண்டி நேராக 1500-க்குப் போனால் கீறல் தங்கும். ஒரு நாள் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் மெல்லிசாகப் பூசி, கால் மணியில் துடைத்துவிடுங்கள். பழைய கருப்பு முக்கால்வாசி திரும்பும். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாமே கடப்பாவை இதேபோல அரிக்கும்.

பிளீச்சிங் பவுடரை எலுமிச்சை உப்போடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.